தொட்டப்பா, தொட்டம்மா: யார் இவர்கள், எதற்கு இவர்கள்?

கொக்குவிலில் இருக்கும் என் சிநேகிதி போன மாதம் ஒருநாள் இரவு கோல் எடுத்தாள். அவளுடைய பக்கத்து வீடு கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி என்று ஒன்று இருக்கிறது. அதில் பொட்டு (ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி) வைத்துப் போய்வரத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. அந்த வீட்டு மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "எங்கட பிள்ளைக்கு நீங்கதான் தொட்டம்மா" என்று வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவளோ கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிற சைவக்காரி. சந்தோஷத்தில் ஓம் என்று தலையாட்டிவிட்டாள். அப்புறம்தான் யோசனை வந்திருக்கிறது.

"தொட்டம்மா எண்டால் நான் என்ன செய்யவேணும்? எத்தினை பவுண் போடவேணும்?"

"பவுண் கட்டாயமில்லை" என்றேன். "ஆனா நீ தொட்டம்மாவா நிக்க ஏலாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கோபமா, கவலையா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு அரை மணித்தியாலம் விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரோடு ஒன்றாகப் படித்து, ஒன்றாக வேலை பார்த்து, ஞானஸ்நான வீட்டு கேக்கும் பற்றிஸும் சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தச் சொற்கள் அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஆனால் தொட்டப்பா என்பவர் யார் என்று கேட்டால் "பிள்ளைக்குச் சங்கிலி போடுறவர்" என்பதோடு பதில் முடிந்துவிடும். கத்தோலிக்கர் பலரிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் தொட்டார்கள்?

ஒருவர் கிறிஸ்தவராவது தண்ணீரால் நடக்கும் ஒரு சடங்கில். முன்பு ஞானஸ்நானம் என்றார்கள், இப்போது திருமுழுக்கு என்று புத்தகத்தில் இருக்கிறது, ஊரில் இரண்டும் புழங்குகின்றன. அந்த நேரத்தில் பிள்ளைக்காக முன்னே வந்து நிற்கும் ஆண் ஞானத்தந்தை, பெண் ஞானத்தாய். பிள்ளை அவர்களுக்கு ஞானப்பிள்ளை. இவை எழுத்தில் வரும் சொற்கள். "ஞானத்தந்தை வந்திருக்கிறார், தேத்தண்ணி போடு" என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. வந்திருப்பவர் தொட்டப்பா.

அந்தத் "தொட்ட" என்ற சொல்லுக்குள் ஒரு பழைய விதி இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போது ஞானப்பெற்றோர் பிள்ளையை ஏந்தியிருக்க வேண்டும், அல்லது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முழுக்குத் தொட்டியிலிருந்து தங்கள் கையால் வாங்க வேண்டும். பல நூற்றாண்டாக இருந்த இந்த வழக்கத்தை 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வரிவரியாக எழுதியே வைத்தது. கை படாமல் சும்மா பக்கத்தில் நின்றவருக்கு உறவு இல்லை. கேரளக் கிறிஸ்தவர்கள் இதே ஆளைத் தலைதொட்டப்பன் என்கிறார்கள். அங்கே தொட்ட இடமும் பெயரில் வந்துவிட்டது.

தொட்டு என்ன செய்கிறார்? பிணை நிற்கிறார். இலத்தீனில் இவருக்குப் பெயர் ஸ்பொன்சர். இன்று கிரிக்கெட் மெட்ச்சுக்குக் காசு கொடுக்கும் கம்பனியைச் சொல்லும் அதே சொல், ரோமச் சட்டத்தில் இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பு நிற்பவரைக் குறித்தது. கைக்குழந்தைக்கு வாய் திறந்து "விசுவசிக்கிறேன்" என்று சொல்லத் தெரியாது. இந்தப் பிள்ளை அந்த நம்பிக்கையில் வளரும், வளராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று ஒரு பெரிய ஆள் வாக்குக் கொடுக்க வேண்டும். கி.பி. 200 அளவில் எழுதிய தெர்த்துல்லியன் என்ற வட ஆபிரிக்கக் கிறிஸ்தவர் இந்தப் பிணையாளர்களை நினைத்தே கவலைப்பட்டிருக்கிறார். கொடுத்த வாக்கை நிறைவேற்றுமுன் அவர்களே செத்துப்போகலாம், பிள்ளை வளர்ந்து கெட்டும் போகலாம், இந்த ஆபத்தை ஏன் அவர்கள் தலையில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கேள்வி. யாரோ ஒருவருடைய கடன் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, லீஸிங்காரர் வந்து படலையைத் தட்டும்போது முழித்தவர்களுக்கு இந்தக் கவலை நன்றாக விளங்கும்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். அவர்களைக் கூட்டி வந்தவர்தான் அவர்களுக்குச் சாட்சி. 4 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எருசலேமுக்கு யாத்திரை போன எஜீரியா என்ற பெண் அங்கே கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆயர் (பிஷப்) நடுவில் அமர்ந்திருப்பார். ஆண் தன் ஞானத்தந்தையோடும் பெண் தன் ஞானத்தாயோடும் முன்னே வர வேண்டும். ஆயர் அக்கம்பக்கத்தாரைக் கேட்பார்: ஒழுங்கான ஆளா? தாய் தகப்பனை மதிக்கிறவரா? குடிக்கிறவரா? பொய் சொல்கிறவரா? இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கலியாணம் பேச முன்னம் எங்கள் ஊரில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் விசாரிப்பார்களே, அதேதான். சாதகக் குறிப்பு மட்டும் கேட்கவில்லை.

பிறகு குழந்தைகளுக்குக் கொடுப்பது பொதுவழக்கமானது. வட ஆபிரிக்க ஆயர் அகுஸ்தீனார் காலத்தில் (5 ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) பெற்றோரே பிள்ளையைத் தூக்கி வந்து பதில் சொல்வது சாதாரணம். 813 இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதை மறித்தது: பெற்றவர்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே ஞானப்பெற்றோராக நிற்கக் கூடாது. பிள்ளைக்கு உயிர் தந்தவர் ஒரு சோடி என்றால், நம்பிக்கைக்குப் பொறுப்பாக இன்னொரு சோடி வேண்டும் என்ற எண்ணம் அப்படி உறுதிப்பட்டது. பெற்றவர் நிற்கக் கூடாது என்ற விதி இன்றைக்கும் இருக்கிறது.

கோயிலில் நடப்பது

குருநகரோ பாசையூரோ இளவாலையோ, காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். (யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கும் அது கோயில்தான், சுவாமியார், அதாவது குரு, இருக்கும் வீடு அறைவீடு.) ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு ஒரு குடும்பம் மட்டும் முன்வாங்கில் இருக்கும். குழந்தைக்கு சட்டின் துணியில் வெள்ளை உடுப்பு, தலையில் ரேந்தை வைத்த தொப்பி. வைகாசி வெக்கையில் அதற்கு அந்த உடுப்பு ஒரு தண்டனை. அம்மம்மா விசிறிக்கொண்டே இருப்பார்.

சுவாமியார் வாசலில் வந்து கேட்பார்: பிள்ளைக்கு என்ன பெயர்? திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்? பெற்றோர் பதில் சொன்னதும் ஞானப்பெற்றோரைப் பார்த்துத் தனியாக ஒரு கேள்வி வரும். இந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் அவர்கள் கடமையில் துணை நிற்க நீங்கள் தயாரா? இதுதான் தொட்டப்பா வேலையின் முழு விவரணம். மற்றதெல்லாம் இதற்கு விரிவுரை. ஆனால் இந்தக் கேள்வி வரும் நேரம் பார்த்துத்தான் கமராக்காரர் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்பார்.

அதன்பின் பிள்ளையின் நெற்றியில் சுவாமியார் சிலுவை அடையாளம் போடுவார். பெற்றோரும் தொட்டப்பாவும் தொட்டம்மாவும் ஒவ்வொருவராகப் போடுவார்கள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்ற கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சேர்ந்தே பதில் சொல்வார்கள். தண்ணீர் மூன்று தரம் ஊற்றப்படும். அழாத பிள்ளையும் அப்போது அழும். உச்சியில் கிறிஸ்மா என்ற புனித தைலம் பூசி, வெண்ணாடை போர்த்தி, கடைசியில் பாஸ்காத் திரி என்ற பெரிய உயிர்ப்புத் திருநாள் மெழுகுதிரியிலிருந்து ஒரு சிறிய மெழுகுதிரியைக் கொளுத்துவார்கள். வழக்கமாக அதைக் கொளுத்துபவர் தொட்டப்பா. இந்த ஒளி உங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது, அணையாமல் பாருங்கள் என்று சுவாமியார் சொல்வார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டப்பா ஒரு கையால் திரியைப் பிடித்து மறு கையால் சுடரை மறைத்தபடி, விரலில் மெழுகு சொட்டச் சொட்ட, முகத்தை மட்டும் படத்துக்குச் சிரித்தபடி வைத்திருப்பார். நான் மூன்று பிள்ளைகளுக்குத் தொட்டம்மா. மூன்று தடவையும் இந்தக் கூத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முன்னர் பிள்ளை பிறந்து சில நாட்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள், குழந்தைச் சாவு அதிகமாக இருந்த காலம். தாய் இன்னும் படுக்கையில் இருப்பார். பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போவதும், ஏந்தி நிற்பதும், பதில் சொல்வதும் எல்லாம் தொட்டம்மாதான். 1960களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969 இல் வந்த புதிய சடங்குமுறை பெற்றோரை முன்னுக்குக் கொண்டுவந்தது. இப்போது பிள்ளை பெரும்பாலும் தாயின் கையில்தான் இருக்கிறது. தொட்டம்மா தோளில் கை வைத்து நிற்கிறார். பிள்ளைக்கு நம்பிக்கையைச் சொல்லிக் கொடுக்கும் முதல் ஆள் பெற்றவர்தான் என்பது இதன் பொருள். அது நியாயம்தான். ஆனாலும் பெயரில் இருக்கிற "தொட்ட" இதனால் கொஞ்சம் மெலிந்துபோனதாகவே எனக்குத் தோன்றும்.

யார் நிற்கலாம்?

என் சிநேகிதியின் பிரச்சினை இங்கேதான். 1983 இல் வந்த இன்றைய திருச்சபைச் சட்டப்படி தொட்டப்பா அல்லது தொட்டம்மாவாக நிற்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். வயது பொதுவாக 16 நிரம்பியிருக்க வேண்டும். புதுநன்மையும் (முதல் தடவை நற்கருணை வாங்குவது) உறுதிபூசுதலும் (ஞானஸ்நான நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றிருக்க வேண்டும். எடுக்கும் பொறுப்புக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. வேறு பங்கிலிருந்து (வேறு கோயில் வட்டாரத்திலிருந்து) வருபவர் என்றால் அவருடைய பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள்.

எத்தனை பேர்? ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இரண்டு மச்சான்மாரையும் மனம் நோகாமல் தொட்டப்பா ஆக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அறைவீட்டு மேசையில்தான் மாட்டிக்கொள்வார்கள். பதிவேட்டில் இடம் ஒருவருக்குத்தான். மற்றவர் படத்தில் நிற்கலாம்.

சிநேகிதி போன்றவர்களுக்கு? ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக் கிறிஸ்தவர் என்றால், அதாவது அங்கிலிக்கன் அல்லது தென்னிந்தியத் திருச்சபை ஆள் என்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். அவர் பெயரும் பதிவேட்டில் போகும். சைவருக்கு அந்த வழியும் இல்லை. இதைக் கேட்டு அவள் முகம் சுருங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. பிள்ளையை இந்த நம்பிக்கையில் வளர்ப்பேன் என்று, அந்த நம்பிக்கை இல்லாத ஒருவரை எழும்பி நின்று சொல்ல வைப்பதுதான் அவளுக்கும் அநியாயம். நாளைக்கு அந்தப் பிள்ளை "தொட்டம்மா, ஏன் பூசைக்குப் போகவேணும்?" என்று கேட்டால் இவள் என்ன சொல்வாள்?

கடைசியில் அவள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு மகளிடம் விஷயத்தைச் சொல்லி, தொட்டம்மாவாக அந்தப் பிள்ளையின் சித்தியை நிற்க வைத்துவிட்டு, ஞானஸ்நான உடுப்பைத் தானே தைத்துக் கொடுத்தாள். சட்டின் வேண்டாம், பருத்தி என்று பிடிவாதம் பிடித்துத் தைத்தாள். அந்தப் பிள்ளை கோயிலில் அழவே இல்லையாம்.

மற்றச் சபைகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கிலிக்கன் சபையின் பழைய வழிபாட்டு ஒழுங்கு மூன்று பேரைக் கேட்டது: ஆண்பிள்ளைக்கு இரண்டு தொட்டப்பாவும் ஒரு தொட்டம்மாவும், பெண்பிள்ளைக்கு மாறி. 1816 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வழியில் பெற்றோரே சபை முன்னால் வாக்குக் கொடுப்பதுதான் முக்கியம். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானமே இல்லை என்பதால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. அமெரிக்க மிஷன் என்றதும் ஒரு கிளைக்கதை. அவர்களுடைய விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவுக்குக் காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கே வைத்தார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று 19 ஆம் நூற்றாண்டுப் பெரியவர்களின் பெயர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெயர் ஒட்டியிருப்பது அந்த வழக்கத்தால். காசு கொடுத்தவர் பிள்ளையைத் தொடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஸ்பொன்சர் என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் ஒரே ஊரில் சந்தித்த இடம் அது.

உறவாக மாறிய கதை

யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அவர்களோடு வந்தது மதம் மட்டுமில்லை, அவர்களுடைய உறவுமுறையும்தான். போர்த்துக்கேய வழக்கில் தொட்டப்பா பத்ரின்யோ. பிள்ளையின் தகப்பனும் தொட்டப்பாவும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்பார்கள், உடன்தகப்பன் என்ற மாதிரி. அதாவது உறவு பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையில் மட்டும் இல்லை. இரண்டு குடும்பங்கள் ஒட்டிக்கொள்கின்றன. சம்பந்தி முறை எப்படி இரண்டு வீட்டைக் கட்டிவிடுகிறதோ அப்படி, ஆனால் சீதனப் பேச்சு இல்லாமல். சந்தியாப்பிள்ளை, பஸ்தியாம்பிள்ளை போன்ற பெயர்களில் போர்த்துக்கேயப் புனிதர்கள் இன்னும் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோமே, அதே காலத்து ஒட்டுத்தான் இதுவும்.

1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமார் இல்லை. 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கிப் பணி செய்யும் வரை கிட்டத்தட்ட ஒரு தலைமுறை போய்விட்டது. அவரை 2015 சனவரியில் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அந்த இடைக்காலத்தில் செபமும் மந்திரமும் வீட்டுக்குள் பெரியவர்கள் வாய்வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போயிருக்க முடியும். குரு இல்லாத ஊரில் பிணை நின்ற ஆளின் வேலை எவ்வளவு பாரமானது என்று யோசித்துப் பாருங்கள்.

உறவு என்றால் உறவுதான் என்று திருச்சபையும் எடுத்துக்கொண்டது. ஞானப்பிள்ளையைத் தொட்டப்பா கலியாணம் செய்யக் கூடாது என்று 530 இலேயே உரோமப் பேரரசர் யுஸ்தினியன் சட்டம் போட்டுவிட்டார். மத்திய காலத்தில் இந்தத் தடை தொட்டப்பாவின் பிள்ளைகள்வரை கிளை கிளையாகப் போய், ஒரு சின்ன ஊரில் கட்டுவதற்கு ஆளே இல்லை என்ற நிலை வந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1563 இல் அதை வெட்டிச் சுருக்கியது. 1917 சட்டத்திலும் தொட்டப்பாவுக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையிலான தடை இருந்தது. 1983 சட்டம் அதையும் எடுத்துவிட்டது. மச்சான் மச்சாள் கட்டுகிற எங்கள் ஊரில் இதன் பொருள் என்ன என்றால், அந்தக் காலத்தில் முறைமச்சானைத் தொட்டப்பாவாக வைத்தால் ஒரு மாப்பிள்ளை குறைந்துவிடும். (நேர் மச்சான் மச்சாள் கலியாணத்துக்குக் கத்தோலிக்கருக்கு ஆயரிடமிருந்து விலக்கு வேண்டும், அது இன்றைக்கும் இருக்கிறது. வேறு கதை.) தாய்மாமனைத் தொட்டப்பா ஆக்குவது ஊரில் அவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு, காது குத்தும்போதும் சாமத்தியத்தின்போதும் சைவ வீட்டில் மாமனுக்கு இருக்கும் இடம் ஒரு காரணம் என்பது என் ஊகம். மாமன் ஏற்கெனவே அந்தக் கதிரையில் இருக்கிறார். கத்தோலிக்கர் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

பட்டம் கிடைத்ததும் முறைப்பெயர் மாறிவிடும். என் தொட்டம்மா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. முறைக்குப் பெரியம்மா. என் தம்பி தங்கைகளுக்கு அவர் தொட்டம்மாவே இல்லை, ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவர் தொட்டம்மாதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் தபால்காரரும்.

எது இல்லை

பெற்றவர்களுக்கு ஏதாவது நடந்தால் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பும் உரிமையும் தொட்டப்பா தொட்டம்மாவுக்குத் தானாக வரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. சட்டத்தின் கண்ணில் இவர்கள் யாரும் இல்லை. பாதுகாவலரை முடிவு செய்வது நீதிமன்றம். தொட்டப்பாவின் காணியிலும் ஞானப்பிள்ளைக்குப் பங்கு இல்லை. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்த, யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பிள்ளை தத்தெடுப்பதற்கு மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. சொத்துரிமை அந்த நீரோடு போனது. ஞானஸ்நானத் தண்ணீரோடு போகவில்லை. சண்டைக் காலத்தில் தாய் தகப்பனை இழந்த ஞானப்பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்த தொட்டம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் சட்டம் பார்த்துச் செய்யவில்லை.

சங்கிலியும் அப்படித்தான். தொட்டப்பா சிலுவை கோத்த சங்கிலி போடுவதும் தொட்டம்மா உடுப்பு எடுப்பதும் நல்ல வழக்கங்கள், ஆனால் வழக்கங்கள் மட்டுமே. பவுண் விலை போகிற போக்கில், வசதி இல்லாத நல்ல மனிதர்கள் தொட்டப்பாவாக நிற்கக் கூச்சப்பட்டு ஒதுங்குவதைப் பார்க்கிறேன். இது எனக்குக் கவலையான விஷயம். சங்கிலி போட வேண்டிய இடத்தில் ஒரு செபமாலை போட்டால் எந்தச் சுவாமியாரும் திருப்பி அனுப்பமாட்டார்.

பிறகு கனடா. தொட்டப்பா ரொறன்ரோவில், ஞானஸ்நானம் நாவாந்துறையில். பதிலாள் வைக்கும் வழி திருச்சபையின் பழைய சட்டத்திலேயே உண்டு, இப்போதும் பங்குத்தந்தையோடு பேசிச் செய்கிறார்கள். அவருக்காக இன்னொருவர் பிள்ளையைத் தொட்டு நிற்பார். வட்ஸ்அப்பில் தொட்டப்பா அங்கே விடியப்புறம் எழும்பியிருந்து பார்ப்பார். காசும் உடுப்பும் ஒழுங்காக வரும். ஆனால் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும் எட்டு வயதில், மறைக்கல்வி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை அழும் சனிக்கிழமை, அவரால் சைக்கிளில் வர முடியாது. என்னைக் கேட்டால் இரண்டில் ஒருவராவது சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும் என்பேன். உறுதிபூசுதலுக்கும் ஞானஸ்நானத்தில் நின்ற அதே ஆள் நிற்பது நல்லது என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆளைப் பிள்ளைக்கு முகம் தெரிந்திருக்க வேண்டாமா?

சிசிலியில் கத்தானியா என்ற மறைமாவட்டம் 2021 ஒக்டோபரில் ஞானப்பெற்றோரையே மூன்று வருடத்துக்கு நிறுத்தி வைத்தது. அது பரிசுக்கும் பழக்கவழக்கத்துக்குமான உறவாகச் சுருங்கிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். மாஃபியாத் தலைவருக்குக் கோட்பாதர் (ஆங்கிலத்தில் தொட்டப்பா) என்று உலகம் பெயர் வைத்த ஊர் அது. சலிப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

ஒரு கையெழுத்து

திருச்சபைச் சட்டத்தில் இருக்கும் இன்னொரு சின்ன விஷயம், இடம்பெயர்ந்த சனத்துக்கு மிகப் பெரியது. ஞானஸ்நானம் நடந்ததும் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், கொடுத்த குரு, இடம், திகதி எல்லாம் எழுதப்படும். பிற்காலத்தில் கோயிலில் கலியாணம் செய்ய அந்தச் சான்றிதழ் வேண்டும். பதிவேடே இல்லாமல் போனால்? நம்பத்தக்க ஒரேயொரு சாட்சி வந்து சொன்னால் போதும் என்று 876 ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சாட்சி பெரும்பாலும் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஞானஸ்நானம் நடந்தது தீவுப் பக்கத்துக் கோயில் ஒன்றில். 1990 இல் அங்கிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அந்தப் பதிவேடும் எங்கோ போய்விட்டது. 2003 இல் எனக்குக் கலியாணம் எழுதப் போனபோது சான்றிதழ் இல்லை. தொட்டம்மா அப்போது எழுபது தாண்டிவிட்டார். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக பஸ் ஏறி அறைவீட்டுக்கு வந்தார்.

"திகதி ஞாபகமிருக்கோ அம்மா?" என்று சுவாமியார் கேட்டார்.

"திகதி தெரியாது சுவாமி. அந்தோனியார் திருநாள் அண்டைக்கு. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையும்கூட. காத்தெண்டால் காத்து. மெழுகுதிரி மூண்டு தரம் அணைஞ்சது."

அந்தோனியார் திருநாள் யூன் 13. சுவாமியார் விரலை மடக்கி, பிறகு ஒரு பழைய கலண்டர் அட்டவணையைப் பார்த்து, 1976 என்றார். சரியாக இருந்தது. எழுதினார். தாய் பெயர், தகப்பன் பெயர், ஞானத்தாய் பெயர். பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஞானத்தந்தை?" என்றார்.

தொட்டம்மா பேசவில்லை. அவருக்கும் என் தொட்டப்பாவுக்கும் வேலி அடைத்ததில் வந்த சண்டை. பன்னிரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவர் பெயரைத் தொட்டம்மா வாயால் சொன்னதை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"அவற்ற பேரும் போடவேணுமோ சுவாமி?"

"போடத்தான் வேணும்."

தொட்டம்மா குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். பிறகு எனக்காக அந்தப் பெயரைச் சொன்னார். சுவாமியார் பிழையாக எழுதியபோது, "இல்லை, அவர் 'ற' போட்டுத்தான் எழுதுறவர்" என்று திருத்தியும் விட்டார்.